பழைய வீட்டுப் போர்ச்சுக்கு மக்காத பொருள்: இருமுறை செலவழித்தவனின் வழிகாட்டி

மத்திய நியூ ஜெர்சியில் 1890களில் கட்டிய ஒரு மர வீட்டை வாங்கினோம். வாங்கியதற்கு முக்கால் காரணம் அதன் முன் திண்ணை. இங்கே அதைப் போர்ச் என்பார்கள். கடைந்த தூண்கள் ஐந்து. தூணும் உத்தரமும் சேரும் மூலையில், நம் ஊர் வீடுகளில் போதிகை உட்காரும் இடத்தில், சுருள் சுருளாக அறுத்த மரத் தாங்கிகள். உத்தரத்துக்குக் கீழே கடைசல் குச்சிகள் வரிசையாகக் கோத்த ஒரு பட்டி. மூன்றாம் வருட மழைக்காலத்தில் தாங்கி ஒன்று தானாகக் கழன்று படியில் விழுந்தது. கையில் எடுத்தால் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

இனி மரமே வேண்டாம், பெயின்ட் அடித்தே ஆயுள் போகிறது என்று முடிவு செய்து, முதலில் கிடைத்த ஒப்பந்தக்காரரிடம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் மாற்றச் சொன்னேன். பிப்ரவரியில் வேலை நடந்தது. ஜூலையில் உத்தரத்தின் மேல் அடித்த நீளப் பலகை பாம்பு போல் நெளிந்து நின்றது. ஆகஸ்டில் நகராட்சியிலிருந்து, அனுமதியில்லாமல் முகப்பை மாற்றியதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 5,400 டாலர் போயிற்று. அடுத்த வருடம் எல்லாவற்றையும் பிரித்து முறையாகச் செய்தோம். இப்படிப்பட்ட பழைய வீட்டைப் புதிதாக வாங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விதிகள் நியூ ஜெர்சிக்கு உரியவை. பொருள்களின் குணம் எந்த மாநிலத்திலும் ஒன்றுதான்.

1. கடைக்குப் போகும் முன் ஒரு திருப்புளியோடு திண்ணையைச் சுற்றுங்கள்

எந்த உறுப்பு உண்மையிலேயே கெட்டிருக்கிறது என்று பார்க்காமல் பொருள் தேடக் கூடாது. திருப்புளியின் முனையை மரத்தில் அழுத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் தயக்கமில்லாமல் இறங்கினால் அது போய்விட்டது. தூணின் அடிப்பாகம், கைப்பிடியின் கீழ்ச் சட்டம், பலகையின் வெட்டுமுனைகள், மேலே கூரைத் தண்ணீர் சொட்டும் மூலை ஆகிய நான்கையும் விட்டுவிடாதீர்கள். ஏறக்குறைய அரை அங்குல அளவில் வட்டமான துளைகள் கண்ணில் பட்டால் அது மரம் துளைக்கும் வண்டின் வேலை. மென்மரத்தில் சட்டம் சட்டமாகக் குடைந்துவிடும்.

என் வீட்டில் ஐந்து தூணில் மூன்று நன்றாகவே இருந்தன. அடியில் மட்டும் இரண்டு அங்குலம் இற்றிருந்தது. அதைச் செதுக்கி எடுத்து எபாக்சி என்ற, கல்லாக இறுகும் பிசின் மக்கு வைத்து நிரப்பினால் போதும் என்று இரண்டாவதாக வந்த தச்சர் சொன்னார். முதல் ஆளோ ஐந்தையும் பிடுங்கச் சொன்னவர். பழைய மரம் நெருக்கமான வளையங்கள் கொண்ட முதிர்மரம். இன்று கடையில் கிடைக்கும் பைனைவிட அது நெடுநாள் உழைக்கும். அதைத் தூக்கிப் போட அவசரப்படாதீர்கள்.

மரம் ஏன் இற்றது என்பதையும் கண்டுபிடியுங்கள். எங்கள் வீட்டில் கூரையோரத் தகரக் கால்வாய் அடைத்து, தண்ணீர் தாங்கிகளின் மேல் வழிந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்யாமல் பிளாஸ்டிக் தாங்கி மாட்டினால் தாங்கி நிற்கும், பின்னால் இருக்கும் உத்தரம் இற்றுப்போகும். அது இன்னும் மோசம், ஏனென்றால் வெளியிலிருந்து தெரியாது.

ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்: ஒவ்வொரு வகை உறுப்பிலும் ஒன்றையாவது அச்சாகப் பத்திரப்படுத்துங்கள். நான் முதல் முறை கழற்றியதை எல்லாம் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, பிறகு பழைய புகைப்படத்தைப் பெரிதாக்கி அளவு எடுத்தேன்.

2. சுரண்டும் முன் 1978ஐ நினைவில் வையுங்கள்

அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடைசெய்தது 1978இல். அதற்கு முந்தைய வீடு என்றால், சோதித்துப் பார்க்கும்வரை ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறத்தில் 20 சதுர அடிக்கு மேல் பழைய பெயின்ட்டைக் கலைக்கும் வேலையைக் கூலிக்குச் செய்பவர், மத்திய அரசின் ஈயப் பாதுகாப்புச் சான்றிதழ் பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். 2010 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதி இது. சொந்த வீட்டில் நீங்களே செய்தால் இந்தச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் தூசி உங்கள் குழந்தை விளையாடும் மண்ணில்தான் விழும். தரையில் கனமான பிளாஸ்டிக் தாள் விரியுங்கள், தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள், உலர்ந்த நிலையில் இயந்திரத்தால் தேய்க்காதீர்கள்.

3. நகராட்சியிடம் இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி: என் வீடு ஊர் அறிவித்த வரலாற்றுப் பாதுகாப்பு வட்டாரத்தில் வருகிறதா? இங்கே பலரும் குழம்புகிறார்கள். வீடு வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் இருப்பது மட்டுமே உங்கள் சொந்தப் பணத்தில் நீங்கள் செய்யும் மாற்றத்தைத் தடுக்காது. ஊர் தன் சட்டப்படி அந்தத் தெருவை வரலாற்று வட்டாரமாக அறிவித்திருந்தால்தான் முகப்பை மாற்ற ஊரின் வரலாற்றுப் பாதுகாப்புக் குழுவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். கேப் மே போன்ற பழைய கடற்கரை ஊர் என்றால் முதல் வேலையாக இதைக் கேளுங்கள். எங்கள் தெரு அப்படி அறிவிக்கப்பட்டது என்று வீடு வாங்கும்போது யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பத்திரக் கட்டில் எங்கோ ஒரு வரி இருந்திருக்கிறது. நானும் படிக்கவில்லை.

இரண்டாவது கேள்வி: இந்த வேலைக்குக் கட்டுமான அனுமதி வேண்டுமா? பாரம் தாங்காத அலங்காரத்தை இருந்தது போலவே மாற்றுவது பெரும்பாலும் சாதாரணப் பராமரிப்பாகவே கொள்ளப்படும். கூரையைத் தாங்கும் தூணைத் தொட்டால் கதை வேறு. கட்டுமான அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்ன பதில் பின்னால் உதவாது. அனுமதி விண்ணப்பத்துக்கு அலுவலகம் 20 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

பாதுகாப்புக் குழுவுக்கு நான் கொடுத்தவை: வீட்டை வாங்கியபோது தந்த நில அளவைப் படத்தின் நகல், திண்ணையின் நான்கு பக்கப் புகைப்படங்கள், கெட்டுப்போன உறுப்புகளின் அருகாமைப் படங்கள், பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்த அளவுப்படம், தயாரிப்பாளரின் விவரத் தாள், கையில் பிடித்துப் பார்க்க ஒரு மாதிரித் துண்டு. எங்கள் ஊரில் குழு மாதம் ஒருமுறைதான் கூடும், விண்ணப்பம் இரண்டு வாரம் முன்பே போய்ச் சேர வேண்டும். ஒரு தாள் குறைந்தால் ஒரு மாதம் போயிற்று.

குழு என்றதும் எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை போடுவார்கள் என்று பயந்தேன். அப்படி இல்லை. அவர்கள் கேட்டது மூன்றே: தடிமனும் வடிவமும் பழையது போலவே இருக்க வேண்டும், மேற்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும், காப்பாற்றக்கூடிய மரத்தைக் காப்பாற்ற வேண்டும். மரவரி அச்சிட்ட பலகையை ஒரே பார்வையில் ஒதுக்கினார்கள். அது நியாயம்தான். பெயின்ட் அடித்த பழைய மரத்தில் வரி தெரியவே தெரியாது. வரி போட்ட பிளாஸ்டிக்தான் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். குழு இல்லாத ஊரிலும் வழவழப்பானதையே வாங்குங்கள்.

4. உறுப்புக்கு ஏற்ற பொருள்

நான் செய்த அடிப்படைத் தவறு, பிளாஸ்டிக் என்பது ஒரே பொருள் என்று நினைத்தது. திண்ணையில் சில உறுப்புகள் பாரம் தாங்குகின்றன, சில நீளமாக ஓடுகின்றன, சில வெறும் அழகு, சிலவற்றை மனிதர் பிடித்துச் சாய்கிறார்கள். நாலுக்கும் நாலு பொருள்.

நீளப் பலகைகளுக்கும் தட்டையாக அறுத்த அலங்காரத்துக்கும் நுண்துளை பிவிசி, அதாவது உள்ளே நுரை போல் இருக்கும் பிவிசிப் பலகை. அசெக், வெர்சாடெக்ஸ் என்ற பெயர்களில் மரக்கடைகளில் கிடைக்கும். வழக்கமான மர அறுவை வாளே போதும். தண்ணீரை உறிஞ்சாது, கரையான் தின்னாது. நீளம் 18 அடி வரை தாராளமாகக் கிடைக்கும். மரத்தில் 1×6 என்று விற்பதன் உண்மை அளவு முக்கால் அங்குலத்துக்கு ஐந்தரை அங்குலம். இதிலும் அதே கணக்கு என்பதால் பழைய இடத்தில் சரியாக உட்காரும். பெயின்ட் அடிக்காவிட்டாலும் கெடாது, ஆனால் பளீர் வெள்ளையாகக் குளியலறைத் தொட்டி போல் தெரியும். அறுத்த விளிம்புகளில் அழுக்கும் ஏறும். அதனால் அடிப்பதே நல்லது. பாரம் ஏற்றக் கூடாது, இதை இன்னொரு முறையும் சொல்வேன்.

ஆழமாகச் செதுக்கிய தாங்கி, பூ, இலை போன்றவற்றுக்கு அடர்த்தியான பாலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக். அச்சில் வார்த்து வருவதால் நுணுக்கம் நன்றாக விழும், கையில் இறகு போல் இருக்கும். பிரைமர் பூசித்தான் தருவார்கள். அதற்கு மேல் கட்டாயம் பெயின்ட் வேண்டும், இல்லையென்றால் வெயில் அதைப் பொடியாக்கிவிடும். பந்து பட்டால் நசுங்கும். ஆகையால் தலைக்கு மேலே உள்ள உறுப்புகளுக்கு மட்டும்.

எங்கள் தாங்கிகள் தட்டையாக அறுத்தவை, செதுக்கியவை அல்ல. எனவே பிவிசியே போதுமாக இருந்தது. இங்கே தடிமனைக் கவனியுங்கள். கடையில் ரெடியாகக் கிடைக்கும் பல தாங்கிகள் முக்கால் அங்குலம். பழையது ஒன்றே முக்கால் அங்குலம். தெருவிலிருந்து பார்த்தால் மெல்லியது அட்டையில் வெட்டி ஒட்டியது போலிருக்கும். என் முதல் ஒப்பந்தத்தில் வந்தவை அவைதான். தடிமனானவற்றைத் தேடி வாங்குங்கள், அல்லது இரண்டு தகடுகளைப் பிவிசிப் பசையால் ஒட்டி, அச்சு வைத்து அறுக்கச் சொல்லுங்கள்.

அடர் நிறம் வேண்டும் என்றால் நிலக்கரிச் சாம்பலும் பாலிமரும் கலந்த பலகையைப் பாருங்கள். ட்ரூஎக்ஸ்டீரியர் அந்த வகை. வெப்பத்தில் மிகக் குறைவாகவே நீளும், கருப்பே அடித்தாலும் தாங்கும், மண்ணுக்கு அருகிலும் போடலாம். ஆனால் கனம், மெல்லிய துண்டு ஒடியும், அறுக்கும்போது பறக்கும் தூசிக்கு முகமூடி அவசியம். திண்ணையின் பாவாடைப் பலகைக்கு, அதாவது தரைக்கும் தளத்துக்கும் இடையே ஓடும் அந்த அடிப்பலகைக்கு, இதைத்தான் போட்டேன்.

ஃபைபர் சிமென்ட் பலகை விலை குறைவு என்று சொல்வார்கள். சுவருக்கு நல்லது. வளைவும் சுருளும் அறுக்க அது ஆகாது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த ட்ரெக்ஸ் போன்றவை நடக்கும் தளத்துக்கும் கைப்பிடிக்கும் உரியவை, நுணுக்க வேலைக்கு அல்ல.

தூண்: வழவழப்பான வட்டத்தூண் என்றால் பாரம் தாங்கும் ஃபைபர்கிளாஸ் தூண் கிடைக்கிறது. எவ்வளவு பாரம் தாங்கும் என்ற எண் விவரத் தாளில் இருக்கும். பாரம் தூணின் நட்டநடுவில் இறங்க வேண்டும், ஓரத்தில் இறங்கினால் அந்த எண் செல்லாது. கடைந்த தூண் என்றால் உள்ளே உலோகக் குழாயும் வெளியே கடைந்த பிவிசியும் கொண்ட வகை. இருக்கும் மரத் தூணைச் சுற்றி மாட்டும் பிவிசி உறையும் உண்டு. அது சட்டைதான், எலும்பு அல்ல. உள்ளே இற்ற தூண் இருந்தால் உறை அதை மூடி மறைக்கும், அவ்வளவே. என் முதல் வேலையில் இரண்டு தூண்களுக்கு இதைத்தான் செய்திருந்தார்கள். பிரித்தபோது உள்ளே ஈரமும் எறும்பும்.

5. நிறமும் நீளமும் வெயிலும்

இதைப் படிக்காமல் பிவிசி வாங்காதீர்கள். மரம் நீளவாட்டில் வெப்பத்துக்கு ஏறக்குறைய அசையாது. பிவிசி அசையும். 18 அடிப் பலகை, 100 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசத்தில், கட்டுப்பாடில்லாமல் விட்டால் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக நீளும். செல்சியஸில் அது 55 டிகிரி வித்தியாசம். பனிக்கால இரவுக்கும் ஜூலை மதிய வெயிலில் காயும் பலகைக்கும் இடையே அந்த வித்தியாசம் இங்கே சர்வ சாதாரணம்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்: உறைகுளிரில் சுருங்கிக் கிடந்த பலகைகளை இடைவெளி விடாமல் முட்ட முட்ட அடித்தார்கள், தலையில்லாத மெல்லிய ஆணியால். மேலே அடர் பச்சை. வெயில் வந்ததும் நீளப் போக்கிடமில்லாமல் நடுவில் பிதுங்கிவிட்டது.

நிறத்துக்கு ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. பெயின்ட் நிற அட்டையின் பின்பக்கம் எல்ஆர்வி என்று ஓர் எண் போட்டிருக்கும், அந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும் என்பதன் அளவு. 0 கருப்பு, 100 வெள்ளை. பிவிசிக்கு 55க்குக் குறையாத நிறம்தான் பொதுவாகப் பாதுகாப்பு. அதற்குக் கீழே போக வேண்டுமென்றால், வெயிலைத் திருப்பியனுப்பும் வகையில் பிவிசிக்கென்றே தயாரித்த பெயின்ட் வேண்டும், அதையும் பலகைத் தயாரிப்பாளர் ஏற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் வாரன்டியும் சேர்ந்து போகும். பெயின்ட் நூறு சதவிகித அக்ரிலிக்காக இருக்கட்டும், எண்ணெய்ப் பெயின்ட் வேண்டாம்.

எனக்கு அந்தப் பச்சைமேல் கொள்ளை ஆசை. கடைசியில் பிவிசி எல்லாம் வெளிர் கிரீம், சாம்பல் கலந்த அடிப்பலகையும் மரமாகவே விட்ட தூண்களின் வளையங்களும் பச்சை என்று பிரித்துக்கொண்டோம். முன்னதைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்கிறாள் என் மனைவி. 5,400 டாலர் கொடுத்துக் கற்ற அழகுணர்ச்சி.

6. கைப்பிடி மட்டும் தனிக் கதை

தாங்கி விழுந்தால் படியில் விழும். கைப்பிடி விழுந்தால் அதில் சாய்ந்தவரும் விழுவார். திண்ணைத் தளம் தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் உயர்ந்தால் தடுப்புக் கைப்பிடி கட்டாயம். குறைந்தது 36 அங்குல உயரம் வேண்டும், 4 அங்குலப் பந்து நுழையாத இடைவெளி வேண்டும், மேலே எங்கே அழுத்தினாலும் 200 பவுண்டு தாங்க வேண்டும்.

பழைய வீட்டுக் கைப்பிடிகள் 28, 30 அங்குலம்தான் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்தபடி தெருவைப் பார்க்க அதுவே அளவு. இருப்பதைப் பழுது பார்ப்பதற்கும் முழுதாக மாற்றுவதற்கும் விதி வேறுபடலாம். நியூ ஜெர்சியில் பழைய கட்டடங்களின் மறுசீரமைப்புக்கென்றே 1998 முதல் தனி விதித்தொகுப்பு உண்டு. பிரிக்கும் முன் அலுவலரிடம் கேளுங்கள், பிரித்தபின் கேட்டால் பதில் மாறிவிடும்.

பிவிசிச் சட்டத்தில் கடைசல் கம்புகளை நீங்களே கோத்துக் கைப்பிடி செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அழகாக இருக்கும், 200 பவுண்டு தாங்காது. உள்ளே அலுமினியம் ஓடும், சோதனை அறிக்கை உள்ள முழுத் தொகுதியாக வாங்குங்கள். அறிக்கையின் நகலை வேலையைப் பார்வையிட வரும் கட்டுமான அலுவலர் கேட்பார்.

7. மாதிரித் துண்டு வரவழையுங்கள்

பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சிறு மாதிரிகளை இலவசமாகவோ அஞ்சல் செலவுக்கோ அனுப்புகிறார்கள். கிடைத்ததும் உங்கள் நிறத்தை அடித்து, தெற்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டு, சாலையின் எதிர்ப்புறம் நின்று பாருங்கள். கணினித் திரையில் எல்லாமே மரம் போலத்தான் இருக்கும்.

8. விலைப்புள்ளியும் ஒப்பந்தமும்

மூன்று பேரிடம் விலை கேளுங்கள். ஒரே கேள்வியை மூவரிடமும் கேளுங்கள்: "பிவிசிப் பலகையில் இணைப்பை எப்படிப் போடுவீர்கள்?" சாய்வாக வெட்டி, பிவிசிப் பசை போட்டு ஒட்டி, ஓரத்தில் இடம் விடுவேன் என்று சொன்னவர் வேலை தெரிந்தவர். "கால்க் அடித்து மூடிவிடலாம்" என்று, இடுக்கை அடைக்கும் பசையை நம்புகிறவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நியூ ஜெர்சியில் வீட்டு மராமத்து ஒப்பந்தக்காரருக்கு மாநிலப் பதிவு எண் உண்டு, 13விஎச் என்று தொடங்கும். அதை மாநிலத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். காப்பீட்டுச் சான்றின் நகலையும் வாங்குங்கள். 500 டாலருக்கு மேற்பட்ட வேலை என்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். நகல் கையில் கிடைத்ததிலிருந்து மூன்றாம் வேலை நாள் நள்ளிரவு வரை நீங்கள் ரத்து செய்யலாம். ஒப்பந்தத்தில் "பிளாஸ்டிக் அலங்காரம்" என்று மட்டும் எழுதவிடாதீர்கள். பொருளின் பெயர், தடிமன், திருகாணியின் வகை, பசையின் வகை, பெயின்ட்டின் பெயர் எல்லாம் எழுத்தில் வேண்டும். என் முதல் ஒப்பந்தத்தில் இருந்தது ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரியை வைத்துக்கொண்டு எதையும் கேட்க முடியவில்லை.

முன்பணமாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் கொடுக்கவில்லை. கடைசித் தவணையை ஒரு நல்ல மழை பெய்து முடிந்தபின் கொடுப்பதாகப் பேசிக்கொண்டேன்.

9. எவ்வளவு பணம், எவ்வளவு நாள்

2023இல் எங்கள் 26 அடித் திண்ணைக்கு இரண்டாம் முறை ஆன கணக்கு: பலகைகள், பசை, திருகாணிகள் 1,900 டாலர். தாங்கிகள் பத்து, ஒன்று 85 வீதம் 850. கடைசல் குச்சிப் பட்டி 1,150. புதுத் தூண்கள் இரண்டு 1,040. கைப்பிடித் தொகுதி 2,300. பெயின்ட் 380. கட்டணங்கள் 160. கூலி 6,900. மொத்தம் 14,680. பெயின்ட் அடித்தது நானும் என் மகனும், அதனால் கூலியில் அது சேரவில்லை. பலகை மட்டும் என்று பார்த்தால் பிரைமர் அடித்த பைனைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தேன். ஆனால் மொத்தத்தில் கூலிதான் பெரிது. அதனால் மலிவான பலகை வாங்கி மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

நாள் கணக்கை மே மாதத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். வேலைக்கும் பெயின்ட்டுக்கும் ஏற்றது மே, ஜூன், அல்லது செப்டம்பர். 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது 10 செல்சியஸுக்குக் கீழே, பசையும் பெயின்ட்டும் மக்கர் செய்யும். அறுத்து வர வேண்டிய தாங்கிகளுக்கு எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அதற்கு முன் குழுவின் ஒப்புதல், அதற்கு முன் அளவுப்படம். ஆகவே ஜனவரியில் தொடங்குங்கள். ஒப்புதல் கையில் வரும்முன் தாங்கிகளுக்குப் பணம் கட்டாதீர்கள். அளவுக்குச் செய்த சரக்கைத் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

10. பொருத்தும் நாளில் பக்கத்தில் இருங்கள்

முடிந்தால் இரண்டு நாள் விடுப்பு எடுங்கள். தூணைக் கழற்றும் முன் கூரைக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். முட்டு திண்ணைத் தளப் பலகையின் மேல் நின்றால் போதாது, அதன் கீழே திடமான ஆதாரம் வேண்டும்.

பலகையை 16 அங்குலத்துக்கு ஓர் இடத்தில், அகலத்தில் இரண்டாகத் திருக வேண்டும். திருகாணி உள்ளே இருக்கும் மரச் சட்டத்தில் ஒன்றரை அங்குலம் இறங்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு அல்லது சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்தது. கடற்கரை ஊர் என்றால் எஃகு மட்டும்தான், அதிலும் 316 என்ற வகை. பதப்படுத்திய புது மரத்தில் செம்புச் சத்து இருக்கிறது, சாதாரண ஆணியை அது அரித்துவிடும். திருகாணித் தலையை மறைக்க அதே பிவிசியில் செய்த சிறு மூடிகள் கிடைக்கின்றன. மக்கு வைத்துத் தேய்ப்பதைவிட அவை நன்றாக மறைக்கும்.

இணைப்புப் பசை, குழாய்களுக்குப் போடும் பசை அல்ல. அது கணத்தில் இறுகிவிடும், நகர்த்திச் சரிசெய்ய நேரம் தராது. பலகைக்கென்று உள்ளதைக் கேளுங்கள். குளிர் நாளில் பொருத்தினால் ஓரங்களில் இடைவெளி விட வேண்டும். வெயில் நாளில் பொருத்தினால் ஓரங்கள் நெருக்கமாக இருக்கட்டும், பின்னால் சுருங்கத்தான் போகிறது. 18 அடிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் என்பது மிதமான நாளுக்கான கணக்கு.

பாலியூரித்தேன் தாங்கி என்றால் பசையும் திருகாணியும் இரண்டும் வேண்டும். அதில் ஊஞ்சலையோ பூத்தொட்டியையோ மாட்டாதீர்கள். இன்னொரு முறை சொல்வேன் என்றேன் அல்லவா, இது அதற்கான இடம்: பிவிசித் தாங்கியிலும் மாட்டாதீர்கள். பூத்தொட்டிக் கொக்கியை உத்தரத்தின் உள்மரத்தில் இறக்குங்கள்.

அறுக்கும்போது விழும் வெள்ளைத் தூள் பனி போல் எங்கும் ஒட்டும். புல்லில் விழுந்தால் அள்ளவே முடியாது. கீழே தார்ப்பாய் விரிக்கச் சொல்லுங்கள், ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

11. வேலை முடிந்தபின்

பராமரிப்பே வேண்டாம் என்று விற்பனைத் தாள் சொல்லும். குறைவு என்பதுதான் உண்மை. வருடம் ஒருமுறை, ஏப்ரலில், வாளி வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் மென்மையான தூரிகையுமாக ஒரு காலைப் பொழுது போதும். வடக்குப் பக்கத்தில் பச்சையாகப் படிவது பலகையின்மேல் இருக்கும் தூசியில் முளைப்பது, பலகை கெட்டதாக அர்த்தமில்லை. அழுத்த நீர்ப்பீச்சியை அருகில் கொண்டுபோகாதீர்கள், பாலியூரித்தேனில் குழி விழும். கூரையோரக் கால்வாயை இலையுதிர் காலத்தில் இரண்டு முறை சுத்தம் செய்யுங்கள். மரமாகவே விட்ட தூண்களின் அடியைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள்.

மீந்த துண்டுகளைக் குளிர்காய எரிக்காதீர்கள். பிவிசி எரிந்தால் வரும் புகை அமிலப் புகை. வீட்டு மறுசுழற்சித் தொட்டியிலும் அதை எடுப்பதில்லை. நல்ல நீளத் துண்டுகள் இரண்டையும், ஒரு உபரித் தாங்கியையும், பெயின்ட் டப்பாவின் மூடியையும் நிலவறையில் வைத்திருக்கிறேன். கூடவே குழுவின் ஒப்புதல் கடிதம், கைப்பிடிச் சோதனை அறிக்கை, வாரன்டிச் சீட்டு, பொருள் வாங்கிய ரசீதுகள் எல்லாம் ஒரே உறையில். உறையின் மேல் திண்ணை என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், வீட்டில் யாரும் எடுத்துத் தொலைக்காமல் இருக்க.